என் ஊரில் மார்ட்டின், அவன் ஊரில் நான்

1

சனிக்கிழமை காலை ரொட்டிக் கடை வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் எனக்கு வேண்டியதைச் சுத்தமான ஜெர்மனில் கேட்டேன். கடைக்காரப் பெண் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். விடாமல் ஜெர்மனிலேயே நன்றி சொன்னேன். இந்த ஊர் பிடித்திருக்கிறதா, எத்தனை நாள் தங்கப் போகிறீர்கள் என்று அதே ஆங்கிலத்தில் கேட்டாள். அன்பாகத்தான் கேட்டாள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் இந்த ஊருக்கு வந்து ஐந்து வருடம் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

ரொட்டிப் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மார்ட்டின் மேல்தான் வந்தது. அந்தக் கடையில் ரொட்டி வாங்கித் தின்று வளர்ந்தவன் அவன். அன்று காலையும் அவன் மாமல்லபுரத்தில், எங்கள் வீட்டு அடுப்படியில் கால் நீட்டி உட்கார்ந்து, எங்கள் அம்மாவிடம் இரண்டாவது தடவை சட்னி கேட்டிருப்பான்.

வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவர்கள் ஊர் நினைப்பு வாட்டுகிறது என்று எழுதுவார்கள். நீங்களும் அதைத்தான் எதிர்பார்ப்பீர்கள். என்னை வாட்டுவது சுத்தமான வயிற்றெரிச்சல். அதற்கு வேறு நல்ல பெயர் வைத்து ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை.

2

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு டிசம்பர் மாதம், முதுகில் ஆள் கனத்துக்கு ஒரு பையோடு மார்ட்டின் மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினான். இரண்டு நாள் கோயிலைப் பார்த்துவிட்டுப் பாண்டிச்சேரி போவதாகத் திட்டம். அவனை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தவன் செல்வம். செல்வம் என் பள்ளிக்கூட நண்பன். விடியற்காலையில் அண்ணனோடு கடலுக்குப் போவான், பகலில் வெள்ளைக்காரர்களுக்கு ரூம் பிடித்துக் கொடுப்பான்.

எங்கள் வீடு கோயில் பக்கம் இல்லை. ஊருக்கு மேற்கே, காலனியில் இருந்தது. தாத்தா காலம் வரை அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பம். அப்பாவுக்குக் கல்பாக்கத்தில் ஒரு கேன்டீனில் நிரந்தர வேலை கிடைத்த பிறகுதான் சுவர் வைத்த வீடு வந்தது, அதற்கு மேல் மாடியில் ஒரு அறையும் வந்தது. டிசம்பர் சீசனில் லாட்ஜ்கள் நிரம்பி வழிந்தால் செல்வம் எங்கள் மாடிக்கு ஆள் கொண்டு வருவான்.

இரண்டாம் நாளே மார்ட்டினுக்கு வயிறு கலங்கிவிட்டது. அம்மா கஞ்சி வைத்துக் கொடுத்தாள். மூன்று நாள் கஞ்சி குடித்து எழுந்தவன், நான்காம் நாள் மாடியிலிருந்து இறங்கி வந்து எங்களோடு தரையில் உட்கார்ந்தான். அதன் பிறகு ஏப்ரல் வெயில் மண்டையைப் பிளக்கும்வரை அவன் கிளம்பவில்லை. ஏன் இன்னும் இருக்கிறாய் என்று அப்பா ஒருமுறை கேட்டார். பிடித்திருக்கிறது என்றான். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

நான் அப்போது செங்கல்பட்டில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். காலையில் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போனால், திரும்பி வரும்போது விளக்கு வைத்திருப்பார்கள். ஊரில் நடந்த நல்லதெல்லாம் நான் இல்லாத நேரத்தில் நடந்தது. மார்ட்டின் செல்வத்தோடு கடலுக்குப் போனான். வலை இழுத்தான். புதுப்பட்டினம் சந்தைக்கு அம்மாவோடு போய்க் கருவாடு பேரம் பேசினான். என் தங்கை மஞ்சுளா அவனை அண்ணா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள். நான் வீட்டுக்குள் நுழையும்போது எல்லோரும் எதற்கோ சிரித்து முடித்திருப்பார்கள். எதற்கென்று கேட்டால், அது நேரில் பார்த்திருக்க வேண்டும் என்பார்கள்.

செல்வத்திடம் ஒருநாள் நேராகவே கேட்டேன். இத்தனை வருடமாக என்னை ஒருமுறைகூடப் படகில் ஏற்றாதவன் இவனை மட்டும் ஏன் ஏற்றுகிறாய் என்றேன்.

"நீ கரையில நின்னாலே வாந்தி எடுப்ப மச்சான். அவன் அப்டியில்ல, எறங்கிக் கை குடுக்கறான்," என்றான்.

கேட்டது உண்மைதான் என்பதால் இன்னும் எரிந்தது.

மார்ட்டினுக்குத் தமிழ் கற்றுக் கொடுத்தவனும் செல்வம்தான். பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் மார்ட்டின் போய் நின்று, "இன்னா நைனா, நாஸ்தா ஆச்சா?" என்றால் டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரிப்பார். பெஞ்சில் இருப்பவர்கள் நகர்ந்து இடம் கொடுப்பார்கள். காசு வாங்க மாட்டார்கள். நான் பிறந்ததிலிருந்து அந்தத் தமிழைத்தான் பேசுகிறேன். எனக்காக யாரும் டீ ஆற்றுவதை நிறுத்தியதில்லை. கல்லூரியில் வாய் தவறி 'கீது' என்று சொல்லிவிட்டால் பின்பெஞ்சு வரைக்கும் சிரிக்கும். அந்தச் சிரிப்பு வேறு வகை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கோயில் பக்கம் ஒரு பெரிய வீடு உண்டு, லாட்ஜ் வைத்திருந்தவர்கள். எங்கள் தெருவுக்குள் வர யோசிக்கிறவர்கள். மார்ட்டினைத் தேடிக்கொண்டு அந்த வீட்டுப் பையன் எங்கள் வாசலுக்கு வந்து நின்றான். அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு அவனை அழைத்துப் போனார்கள். முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். திரும்பி வந்து, அந்த வீட்டுக் கூடத்துத் தேக்குத் தூண்கள் எவ்வளவு அழகு என்று அவன் சொன்னான். அப்பா ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அறுபது வருடம் அந்த ஊரில் இருந்தவர், அந்தத் தூண்களைப் பற்றி ஒரு ஜெர்மன்காரன் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்.

3

மஞ்சுளாவுக்குக் கல்யாணம் முடிந்த கையோடு எனக்கு ஜெர்மனியில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது. இரண்டாயிரத்துக்குப் பிறகு அவர்களே ஆள் வேண்டும் என்று கூப்பிட்ட காலம் அது. இந்த ஊரில் ஒரு கம்பெனியைத் தேர்ந்தெடுத்ததே மார்ட்டின் இங்கே இருக்கிறான் என்றுதான். எங்கள் வீட்டில் அத்தனை மாதம் இருந்தானே, எனக்கு இங்கே ஒரு ஆள் ஆயிற்று என்று நினைத்தேன். நான் அக்டோபர் கடைசியில் வந்து இறங்கினேன். அவன் நவம்பர் முதல் வாரம் மாமல்லபுரத்துக்கு விமானம் ஏறிவிட்டான். கோடையில் தபால் மூட்டை பிரிக்கிற வேலை, குளிர்காலத்தில் எங்கள் வீட்டு மாடி. ஐந்து வருடமாக இதுதான் அவன் வழக்கம்.

எனக்கு அந்த வழக்கமெல்லாம் கிடையாது. இங்கே வெளிநாட்டவர் அலுவலகம் என்று ஒன்று உண்டு. இயந்திரத்தில் எண் எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும். வாடகை, சம்பளம், காப்பீடு, வீட்டின் பரப்பளவு என்று எல்லாவற்றுக்கும் அத்தாட்சி வேண்டும். எதற்காக இங்கே தங்குகிறீர்கள் என்ற கேள்விக்கு எதிரே சில கட்டங்கள் இருக்கும். வேலை, படிப்பு, திருமணம், அடைக்கலம். பிடித்திருக்கிறது என்பதற்கு ஒரு கட்டம் இல்லை. மார்ட்டின் அப்பாவிடம் சொன்ன ஒற்றைப் பதிலை நான் இங்கே சொன்னால், மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அம்மாள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்ப்பார்.

ஒரு கோடையில் எனக்கு ரோஷம் வந்தது. அவன் செய்ததை நான் ஏன் செய்யக் கூடாது? மார்ட்டினுடையதைப் போலவே ஒரு பெரிய முதுகுப்பை வாங்கினேன். லீவு போட்டுவிட்டு, வடக்கே கடலோரம் ஒரு சின்ன மீன்பிடி ஊருக்கு ரயிலேறினேன். யாரையும் தெரியாது. இரண்டு நாள் என்று போய் இரண்டு வாரம் தங்கிவிட வேண்டும், நாலு நண்பர்களோடு திரும்ப வேண்டும் என்று கணக்கு.

துறைமுகத்துப் பலகையில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரைப் பார்த்துச் சிரித்தேன். மார்ட்டின் அப்படித்தான் ஆரம்பித்தான். சிலர் பதிலுக்குத் தலையசைத்தார்கள். ஒரு பாட்டி நாயை இழுத்துப் பிடித்துக்கொண்டார். வலை மடித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் போய், நானும் கை கொடுக்கட்டுமா, நாளைக்குக் கடலுக்கு வரட்டுமா என்று கேட்டேன். அவர் நல்ல மனிதர். யோசித்துவிட்டு, உங்களுக்குக் காப்பீடு இருக்கிறதா என்று கேட்டார். மறுநாள் போலீஸ்காரர் இருவர் மரியாதையாக வந்து பாஸ்போர்ட்டைக் கேட்டார்கள், பார்த்தார்கள், மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்கள். பையில் என்ன என்று மட்டும் கேட்டார்கள்.

அந்த ஊரில் என்னோடு பத்து வார்த்தைக்கு மேல் பேசியது நூடுல்ஸ் கடை வைத்திருந்த வியட்நாம்காரர் ஒருவர்தான். இருவரும் இங்கே தங்குவதற்கான எங்கள் பெர்மிட்டைப் பற்றியே பேசினோம். மூன்றாம் நாள் ரயிலேறித் திரும்பி வந்தேன். பை இன்னும் அலமாரி மேல் இருக்கிறது. நல்ல பை.

4

மார்ட்டினின் அம்மா பெயர் ஹில்டா. வந்த புதிதில் மரியாதைக்காக ஒருமுறை போய்ப் பார்த்தேன். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் காபிக்குக் கூப்பிடுகிறார். பிளம்ஸ் பழம் வைத்த கேக் செய்வார். என் ஜெர்மனைத் திருத்துவார், ஆனால் ஆங்கிலத்துக்கு மாற மாட்டார். அதற்காகவே நான் போகிறேன்.

போனதும் அவர் கேட்கும் முதல் கேள்வி, உங்கள் அம்மா எப்படி இருக்கிறார் என்பது. இரண்டாவது கேள்வி, இந்த வாரம் என் மகனுக்கு என்ன சமைத்துப் போட்டாராம் என்பது. அந்த இரண்டாவது கேள்வியில் ஒரு குத்தல் இருக்கும். இறால் தொக்கு என்றால், அதற்கு நிறைய எண்ணெய் வேண்டுமே என்பார். மீன் குழம்பு என்றால், சின்ன வயதில் அவன் மீனைத் தொட மாட்டான் என்பார். ஹில்டாவுடைய மகளின் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது மார்ட்டின்தான் ஞானத்தந்தையாக நிற்க வேண்டியது. அவன் மாமல்லபுரத்திலிருந்து ஒரு வாழ்த்து அட்டை அனுப்பியதோடு சரி. அட்டையில் கடற்கரைக் கோயில் படம் இருந்தது.

இந்த ஊரில் எனக்குச் சமமாக வயிறு எரிகிற ஒரே ஆள் அவர்தான். நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் மேல் ஒருவர் கோபமில்லாமல் பொறாமைப்படுவோம்.

5

மஞ்சுளாவின் மகள் பவித்ரா. அவள் பிறந்து ஆறு மாதத்தில் ஒருமுறை போய்ப் பார்த்தேன், என் முகத்தைப் பார்த்து வீறிட்டாள். அதன் பிறகு போனில்தான். எடுத்தவுடன் "யாரு?" என்பாள். அம்மா பின்னாலிருந்து சொல்லிக் கொடுப்பாள். உடனே, "ஜெர்மனி மாமா" என்பாள். மார்ட்டினை அவள் வெறும் மாமா என்றுதான் கூப்பிடுகிறாள். முன்னால் எந்த ஊரும் இல்லை.

அவளுக்குக் காது குத்த வேண்டும். எங்கள் பக்கத்தில் அது தாய்மாமன் மடியில்தான் நடக்கும். மொட்டை போட்டு, மாமன் எடுத்து வந்த புதுத்துணி போட்டு, மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைத்து ஆசாரி குத்துவார். பிள்ளை அழும், மாமன் பிடித்துக்கொள்ள வேண்டும். மஞ்சுளாவுக்கு நான் ஒரே அண்ணன். ஒற்றைப்படை வயதில் செய்ய வேண்டும் என்பதால் முதல் வருடமே செய்திருக்கலாம். நான்தான் அடுத்த தடவைக்கு வந்துவிடுகிறேன், தள்ளிப் போடு என்றேன். தள்ளிப் போட்டார்கள். இப்போது மூன்று வயது முடியப் போகிறது. மஞ்சுளாவின் மாமியார், மாமன் இல்லாத வீட்டில் பெண் எடுத்தோமா என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார். பெரியப்பா பிள்ளைகளைக் கூப்பிடலாம் என்றால் அவர்களோடு பேச்சுவார்த்தை இல்லை.

டிக்கெட் பார்க்க ஆரம்பித்த வாரம் என் கம்பெனியை மூடினார்கள். வேறு வேலை கிடைத்துவிட்டது, ஆனால் பெர்மிட்டை மாற்ற வேண்டும். அலுவலகத்தில் ஒரு தற்காலிகத் தாள் கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு நாட்டை விட்டுப் போகலாம், திரும்ப உள்ளே விடுவார்கள் என்பதற்கு உறுதியில்லை. எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். வீட்டுக்குத் தபால் வரும் என்றார்கள். வரவில்லை. முகூர்த்தம் வந்துகொண்டிருந்தது.

மஞ்சுளாவுக்குப் போன் செய்து நிலைமையைச் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் சமாதானமாகச் சொன்னாள்.

"நீ வராட்டி பரவால்லண்ணா. மனச போட்டு ஒழப்பிக்காத. மார்ட்டின் அண்ணா கீறாரு, அவரு உக்காருவாரு."

காதில் புகை வருவது என்றால் என்னவென்று அன்றைக்குத் தெரிந்தது. என் நண்பனை எடுத்துக்கொண்டான், என் அம்மா சட்னியை எடுத்துக்கொண்டான், டீக்கடை பெஞ்சில் எனக்கு யாரும் கொடுக்காத இடத்தை எடுத்துக்கொண்டான். அதெல்லாம் போகட்டும். தாய்மாமன் என்பது பிடித்திருக்கிறது என்று வந்து உட்காருகிற இடமா? அது ஒன்றுதான் நான் எதுவும் செய்யாமல் எனக்குக் கிடைத்த இடம். அதற்கு எந்த அலுவலகத்திலும் எண் எடுத்துக் காத்திருக்க வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன்.

அன்று மாலையே மார்ட்டின் போன் செய்தான். பின்னால் பஸ் ஹாரன் சத்தம் கேட்டது, ஏதோ எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசுகிறான்.

"டேய், உன்னாண்ட கேக்காம நான் உக்கார மாட்டேன். மஞ்சு சொல்லுச்சுன்றதுக்காவ இல்ல. நீ வேணாம்னா வேணாம். இன்னா சொல்ற?"

செல்வத்தின் குரலை எடுத்து ஒட்டியது மாதிரி இருந்தது அந்தத் தமிழ். வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் நாலு வயதில் செய்ய மாட்டார்கள், ஐந்து வரை மாமியார் பொறுக்க மாட்டார், மஞ்சுளா தலை குனிந்து நிற்பாள். நான் ஜெர்மனில், தாராளமாக உட்காருங்கள், எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை என்றேன். அலுவலகத்தில் பேசுகிற ஜெர்மன் அது. அவன் தமிழிலேயே, "சரிடா" என்றான்.

மறுநாள் நான் வீட்டுக்குப் போன் போட்டபோது அம்மா பேசினாள். என் குரலைக் கேட்டே என் எரிச்சலைக் கண்டுபிடித்திருப்பாள். மஞ்சுளா கல்யாணத்தில் நான் மாப்பிள்ளையின் காலைக் கழுவி மோதிரம் வாங்கியபோது கட்டியிருந்த பட்டு வேட்டி பீரோவில் இருக்கிறதாம். அதை மார்ட்டின் மடியில் விரித்து, அதன் மேல்தான் பவித்ராவை உட்கார வைப்பாளாம். ஆசாரியிடமும் சம்பந்தி வீட்டிலும் சொல்லிவிட்டாளாம்.

"மடி அவுனுது, வேட்டி உன்னுது. அப்பால இன்னா நைனா உனக்குப் பேஜாரு?" என்றாள்.

 என் போன் அட்டையில் காசு தீர்ந்துபோனதாக அம்மா நினைத்துக்கொண்டு போனை வைத்துவிட்டாள்.

6

செல்வம் பிரவுசிங் சென்டரிலிருந்து படங்களை அனுப்பியிருந்தான். ஆபீசில் அச்செடுத்து, ஞாயிற்றுக்கிழமை ஹில்டாவிடம் கொண்டு போனேன். அவர் மகன் அல்லவா, அவரும் பார்க்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் என்னோடு சேர்ந்து எரிவதற்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். புதுப்பட்டினம் பக்கத்தில் எங்கள் குலதெய்வக் கோயில், வேப்பமரத்தடி. மார்ட்டின் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான். நெற்றியில் சந்தனம், காது இரண்டும் வெயிலில் சிவந்திருக்கின்றன. மடியில் மொட்டைத் தலையோடு பவித்ரா, வாய் முழுக்கத் திறந்த அழுகை. சுற்றிலும் அம்மா, மஞ்சுளா, செல்வம், சம்பந்தி அம்மாள். எல்லோரும் குழந்தையின் காதைப் பார்க்கிறார்கள். மார்ட்டின் மட்டும் கண்ணை இறுக்கி மூடியிருக்கிறான், குத்துவது அவன் காதில்தான் என்பது போல.

ஹில்டா நெடுநேரம் மகனின் முகத்தையே பார்த்தார். என் பேரப்பிள்ளையை அவன் ஒருமுறைகூட மடியில் வைத்ததில்லை என்றார். பிறகு, மடியில் விரித்திருக்கும் அந்த ஜரிகைத் துணி என்ன என்று கேட்டார்.

சொன்னேன். தாய்மாமன் என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பித்து, கல்யாணம், மோதிரம், அம்மா சொன்னது வரைக்கும் எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். ஓர் இடத்தில்கூட அவர் என்னைத் திருத்தவில்லை.

"அப்படியென்றால் அங்கே உட்கார்ந்திருப்பது நீங்கள்தான்," என்றார். "என் மகன் வெறும் நாற்காலி."

எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டுக் காபி ஊற்றினார். நான் படத்தைத் திரும்ப வாங்கிப் பார்த்தேன். பவித்ரா இரண்டு கையாலும் மார்ட்டினின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, முகத்தை அவன் நெஞ்சில் பாதி புதைத்திருந்தாள். வேட்டி அவள் காலுக்குக் கீழே கசங்கிக் கிடந்தது. அந்த நாற்காலியாக இருந்தால் போதும் என்றிருந்தது எனக்கு.